படத்தின் மேல் பக்கம்

படத்தை மாட்டிய அன்றே ஃபோட்டோக்காரரின் மனைவி கூரையில் நடக்கத் தொடங்கினாள். பாதம் கூரையில், தலை தரையை நோக்கி. பின்னல்கூடத் தொங்காமல் அவள் முதுகிலேயே கிடந்தது. "நீங்க ஏங்க தலைகீழா நிக்கிறீங்க?" என்று அவள்தான் முதலில் கேட்டாள்.

எல்லாம் அவர் வாய்க்கொழுப்பால் வந்தது. வீட்டின் முன்னறைதான் அவருடைய ஸ்டூடியோ. "தலையைச் சாய்க்காதீங்க, ரெண்டு காதும் தெரியணும்" என்று பாஸ்போர்ட் படத்துக்கு வருகிறவர்களிடம் வருடக்கணக்கில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், நேராக இருக்கும் எதையுமே எடுப்பதில்லை என்று ஒருநாள் முடிவு கட்டினார். ஈரத்தரை, உடைந்த கண்ணாடி, ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிய இரண்டு காட்சிகள் என்று எடுத்துத் தள்ளினார்; எது சுவர் எது தரை என்று பார்ப்பவருக்குத் தலை சுற்ற வேண்டும். மனைவியை மாடிப்படி வளைவில் மத்தியானம் முழுக்க நிற்கவைத்தார். "கால் கடுக்குதுங்க" என்றால், "அசையாதே, நிழல் கெட்டுடும்" என்பார். கடைசியில் படத்தில் விழுந்தது அவளுடைய ஒரு பாதமும் கைப்பிடி நிழலும் கொஞ்சம் வெளிச்சமும்தான். படத்துக்குச் சட்டம் போடுகிறவர் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இதுல மேல் பக்கம் எது?" என்று கேட்டார். "எப்படி மாட்டினாலும் படம் படம்தான்யா!" என்றார் இவர் பெருமையாக. சட்டக்காரருக்கென்ன, தோன்றிய பக்கத்தில் கொக்கியை அடித்துக் கொடுத்துவிட்டார்.

படம் தலைகீழாக மாட்டியிருப்பதால்தான் இப்படி என்று புரிந்ததும் ஃபோட்டோக்காரர் பதறிப்போய் அதைத் திருப்பப் போனார். ஒரு விரல்கடை திருப்பியதுமே அவள் அலறிக்கொண்டு சறுக்கினாள். ஒரேயடியாகத் திருப்பினால் தலைகுப்புற விழுவாள். மெத்தை போடுகிறேன் என்றார். "மெத்தை உங்களுது, கழுத்து என்னுதாச்சே!" என்றாள். கதவு ஜன்னல் எல்லாம் சாத்தியாயிற்று, வாசலைத் தாண்டினால் வானத்துக்குள் விழுந்துவிடுவாளே. கால் பட்டுவிடும் என்று மின்விசிறியையும் போடவில்லை. ஸ்டூல்மேல் ஏறிச் சாப்பாட்டை நீட்டுவார், அவள் கை பட்டதும் தட்டு அவள் பக்கம் சாய்ந்துகொள்ளும். தெருவில் லாரி போனால் படம் நடுங்கும், இவர் பாய்ந்து சட்டத்தைப் பிடித்துக்கொள்வார். ஆணி பிடுங்கிக்கொண்டால்? பூனை தாவினால்? தூக்கம் போயிற்று. தும்மல் வந்தால்கூடப் பின்கட்டுக்கு ஓடிப்போய்த் தும்மினார்.

பிறகு தினமும் ஒரு மயிரிழை திருப்புவது என்று ஆனது. திருப்பும்போது கண்ணை அவள்மேலிருந்து எடுக்க முடியாது, எடுத்தால் கால் தவறிவிடுவாளோ என்ற பயம். கழுத்தைச் சாய்த்து அவள் முகத்தையே பார்த்தபடி திருப்புவார். இடது புருவத்தில் ஒரு தழும்பு இருப்பதையே அப்போதுதான் கண்டார். கல்யாணத்துக்கு முன்பே உள்ளது என்றாள். வெட்கமாகப் போய்விட்டது அவருக்கு. கோடை போய் மழை போய் மறுபடி கோடை வந்தபோது, கூரையிலிருந்து மூலைக்கும் மூலையிலிருந்து சுவருக்கும் அவள் வந்து சேர்ந்திருந்தாள். படம் பக்கவாட்டில் நின்றது. ஜன்னலைத் திறந்து, கம்பிமேல் உட்கார்ந்து தெருவைக் குனிந்து பார்த்தாள்.

"இன்னும் பாதிதான், தரைக்கு வந்துடலாம்" என்றார் அவர்.

"போதும், திருப்பாதீங்க."

"ஐயோ, வெளிய தெருவ போக வேணாமா நீ?"

"தரையில இருந்தப்ப மட்டும் எங்க கூட்டிட்டுப் போனீங்களாம்? இறங்கினா மறுபடி மாடிப்படியில நிக்கவைப்பீங்க. இங்கன்னா கழுத்தைச் சாய்ச்சாவது என் முகத்தைப் பார்க்கிறீங்க."

அவருக்கு அழுகை வந்தது. நாலு மூலையிலும் ஆணி அடித்துப் படத்தை அப்படியே இறுக்கினார். பயம் மட்டும் போகவில்லை. காலையில் எழுந்ததும் முதலில் ஆணிகளைத் தொட்டுப் பார்ப்பார்.

மறுபடி பாஸ்போர்ட் படம்தான் எடுக்கிறார். ஸ்டூடியோவுக்கு வருகிறவர்கள் சுவரில் ஒரு பெண் நீட்டிக்கொண்டு நின்று தலை வாருவதைப் பார்த்துவிட்டு, தங்கள் படம் எப்போது கிடைக்கும் என்று கேட்கிறார்கள். நாளைக்கு என்கிறார். அப்புறம் உட்காரவைத்து, தலையை நேராக வைக்கச் சொல்கிறார், தன் தலையைச் சாய்த்துக்கொண்டே.