இருநூற்றுப் பன்னிரண்டாம் பிழை

ஒருநாளும் பிறக்காத ஒரு மிருகத்தைக் கொன்றவள் நான். ட்ரான்ட்ஹைமில், என் வீட்டுச் சமையலறை மேசையில், பிப்ரவரி மாதம், ஒரு கையில் வாஃபிளோடு உட்கார்ந்து கொன்றேன். அதற்காகப் பாராட்டு வேறு வாங்கிக்கொண்டேன்.

நானும் வீப்ரன் என்கிற ஹாலந்துக்காரனும் பதினைந்து வருஷமாக ஒரு நிரல் நூலகத்தைப் பராமரிக்கிறோம். ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்பார்களே, அந்த வகை. பெரிய எழுத்துக் குவியலைக் கொடுத்து, 'இரண்டு எழுத்து, ஒரு கோடு, அப்புறம் நாலு இலக்கம்' என்று அடையாளம் சொன்னால், அப்படி இருப்பதையெல்லாம் பிடித்துக்கொண்டு வந்து தரும். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துத் தங்கள் நிரலில் சேர்த்துக்கொள்ளலாம். எடுத்தவர்கள் யார், எதற்கு எடுத்தார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. வேலை செய்யும்வரை ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டார்கள். நின்றுபோனால் மட்டும் சண்டைக்கு வருவார்கள்.

அதில் 212 என்று எண் போட்ட பிழை ஒன்று பதினோரு வருஷமாக இருந்தது. எண்களின் பட்டியலைக் கொடுத்தால் எல்லாவற்றையும் ஒழுங்காகப் பிடிக்கும். கடைசி எண்ணைப் பிடித்த பிறகும் சும்மா இருக்காது. பட்டியல் முடிந்த இடத்தில் இன்னொரு தடவை கையை விட்டுத் துழாவும். அங்கே ஒன்றும் இருக்காது. அந்த ஒன்றுமில்லாததையும் ஒன்று என்று எண்ணிச் சேர்த்துவிடும். எண்பது கொடுத்தால் எண்பத்தொன்று. எப்போதும் அல்ல, அடையாளத்தைக் கொஞ்சம் தளர்வாக எழுதினால் மட்டும். தளர்வாக எழுதாத ஆளை நான் இன்னும் சந்திக்கவில்லை.

ஒவ்வொரு வருஷமும் திருத்த உட்காருவேன். ஒரு இடத்தில் சரிசெய்தால் மூன்று இடத்தில் உடையும். திட்டிக்கொண்டே எழுந்துவிடுவேன். இந்த பிப்ரவரியில்தான் ஒருவழியாகப் பிடிபட்டது. உடனே குரோனிங்கனிலிருக்கும் வீப்ரனைத் திரையில் கூப்பிட்டேன்.

"போட்டுடலாமா?" என்றேன்.

"பதினோரு வருஷமாச்சே, போர்ஹில்ட். யாராவது இதை நம்பிட்டு இருந்தா?"

"ஒண்ணுமில்லாததை நம்பி எவன்யா பொழப்பு நடத்துவான்?"

"இருந்தாலும் ஒரு பாதுகாப்புக்கு, 'பழையபடி' ஒரு சுவிட்ச் வச்சிடுவோம். வேணுங்கிறவன் போட்டுக்கட்டும்."

"உனக்கு எல்லாத்துக்கும் ஒரு சுவிட்ச் வேணும். உன் கல்யாணத்துக்கும் ஒண்ணு வச்சிருப்பியே!"

"வச்சிருந்தேன். அவ கண்டுபிடிச்சு எடுத்துட்டா" என்றான். அவன் முகத்தில் சிரிப்பே வராது. கேலி செய்கிறானா, நிஜமாகச் சொல்கிறானா என்று பதினைந்து வருஷத்தில் எனக்குப் பிடிபடவில்லை.

சுவிட்சும் வைத்தோம். புதிய பதிப்பு வெளியானது. நாற்பது பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். ஜப்பானிலிருந்து ஒருத்தர், தான் இத்தனை வருஷமாகக் காத்திருந்ததாகக் கண்ணீர் விடும் படம் போட்டிருந்தார். நானும் கொஞ்சம் அழுதேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

இனி என் அண்ணன் ஆர்ன்ஃபின். தெற்கே இரண்டு மணி நேரப் பயணத்தில் ஒரு பள்ளத்தாக்கில் ஆடு வளர்க்கிறான். அவன் மனைவி ஏழு வருஷத்துக்கு முன்னால் விடுமுறைக்கு ஸ்பெயினுக்குப் போனாள். அங்கே வெயில் பிடித்துப்போயிற்று, திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு அண்ணன் ஆடுகளோடு மட்டும்தான் பேசினான். கிறிஸ்துமஸுக்குப் போனால் எனக்கு மூன்று வாக்கியம் கிடைக்கும். அதில் ஒன்று கதவைச் சாத்தச் சொல்வதாக இருக்கும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் யெர்வ் வந்தது. நாய் அளவுக்கு இருக்கும், கரடி போல நடக்கும், ஆட்டைக் கொன்று தலையைத் தனியாகப் புதைத்துவைக்கும் பொல்லாத மிருகம். இலையுதிர் காலத்தில் மலையிலிருந்து ஆடுகளை இறக்கிப் பட்டிவாசலில் எண்ணிப் பார்த்தால், ஒவ்வொரு பண்ணையிலும் ஒரு ஆடு குறைந்தது. எலும்பு கிடைக்காது, மயிர் கிடைக்காது. முப்பத்தோரு பண்ணைக்கும் வீட்டுக்கு ஒன்று. அடுத்த வருஷமும் அப்படியே.

மேய்ச்சல் சங்கம் கூடி, வேட்டைக்கு அனுமதி வாங்கி, ஐந்து பேர் கொண்ட குழு அமைத்தது. தலைவன் ஆர்ன்ஃபின். மலைச்சரிவில் ஒரு மரக்குடில், அதில் ஒரு கணப்பு, ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு எதிரே இறைச்சித் துண்டு தொங்கும் கம்பம். குளிர்காலச் சனிக்கிழமைதோறும் ஐந்து பேரும் துப்பாக்கியோடு அங்கே போய் உட்கார்ந்தார்கள்.

எங்கள் பள்ளத்தாக்கில் ஒருத்தர் வீட்டுக்கு இன்னொருத்தர் சும்மா போகிற வழக்கம் கிடையாது. போனால், "என்ன விஷயம்?" என்பார்கள். விஷயம் இல்லையென்றால் உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்று டாக்டருக்குச் சொல்லி அனுப்புவார்கள். துப்பாக்கி கையில் இருந்தால் விஷயம் இருக்கிறது. ஆறு வருஷத்தில் ஆர்ன்ஃபின் எனக்குப் போனே செய்ய ஆரம்பித்துவிட்டான். குழுவிலிருந்த குட்மன்ட் சொன்ன பொய், ஓட்னி கொண்டுவந்த கலைமான் தொத்திறைச்சி, காபி கொதித்து வழிந்து கணப்பு அணைந்தது என்று அரை மணி நேரம் பேசுவான். யெர்வைப் பற்றி ஒரு நிமிஷம்தான் பேசுவான்.

இந்த வருஷம் செப்டம்பர் கடைசியில் கூப்பிட்டான். குரலே சரியில்லை.

"ஒண்ணுகூட கொறையல" என்றான்.

"என்ன கொறையல?"

"ஆடு. எந்தப் பண்ணையிலயும். செத்ததுக்கெல்லாம் தடயம் இருக்கு. கணக்கு அப்படியே நேரா இருக்கு."

"நல்ல விஷயம்தானே அண்ணா!"

"ஆமா. நல்ல விஷயம்தான். அனுமதி கெடையாதுன்னுட்டாங்க. குழுவைக் கலைச்சாச்சு. சரி, கதவு தெறந்து கெடக்கு, வக்கிறேன்."

போனை வைத்துவிட்டு அந்தக் கணக்கை மனதில் ஓட்டிப் பார்த்தேன். எங்கும் எப்போதும் சரியாக ஒன்றே ஒன்று வித்தியாசம் என்றால் அது மிருகத்தின் வேலை இல்லை. மிருகத்துக்கு அவ்வளவு ஒழுங்கு வராது. அது எங்களைப் போன்றவர்களின் வேலை.

மேய்ச்சல் சங்கத்தின் செயலாளர் ஹல்வார்டுக்கு எழுதிக் கேட்டேன். வசந்தத்தில் பண்ணைக்காரர்கள் ஆடுகளின் காதில் மாட்டிய வில்லைகளின் எண்களைத் தட்டச்சு செய்து அனுப்புவார்கள், அவருடைய நிரல் எண்ணி மொத்தம் சொல்லும், இலையுதிர் காலத்தில் கையால் எண்ணி அந்த மொத்தத்தோடு ஒப்பிடுவார்கள். நிரல் எந்த நூலகத்தை வைத்து எண்ணுகிறது என்று கேட்டேன். அவர் சொன்னது எங்கள் நூலகம்தான். நிரல் எழுதியது ஆறு வருஷத்துக்கு முன்னால். புதிய பதிப்புக்கு மாறியது இந்த ஏப்ரலில்.

கூடவே அவர் ஒரு கேள்வியும் கேட்டிருந்தார்: 'புதிய பதிப்பில் "பழையபடி" என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதே, அதை நான் போட வேண்டுமா? உங்களுக்குத்தான் தெரியும். நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்.'

அந்தக் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. போடுங்கள் என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும். அடுத்த இலையுதிர் காலத்தில் முப்பத்தோரு வீட்டிலும் ஒரு ஆடு குறையும், யெர்வ் திரும்பி வரும், அண்ணனும் பேசுவான். பதில் எழுதாமல் வண்டியை எடுத்துக்கொண்டு பள்ளத்தாக்குக்குப் போனேன்.

ஆட்டிறைச்சியும் முட்டைக்கோசும் வேகவைத்திருந்தான். தட்டில் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசி எண், அதற்குப் பிறகு துழாவுவது, ஒன்றுமில்லாததை ஒன்று என்று சேர்ப்பது. அவன் ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் கேட்டான்.

"அப்ப யெர்வ்?"

"இல்ல அண்ணா. எப்பவுமே இல்ல."

"குட்மன்ட் பாத்தேன்னானே. ரெண்டு தடவை."

"குட்மன்டுக்குக் கண்ணுல புரை."

"எந்த ஆடு காணோம்னு ஒருத்தனும் பாக்கலியே!" என்று தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டான். "படிவத்துல எத்தனைன்னுதான் கேட்டான். எதுன்னு கேக்கல. கேட்டாத்தானே சொல்லுவோம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"ஆறு வருஷம்" என்றான். "உன் பிழையைச் சுட நான் ஆறு வருஷம் பனியில உக்காந்திருக்கேன்."

"மன்னிச்சிடு."

"எதுக்கு மன்னிப்பு? உக்காந்ததுக்கா, இப்ப உக்கார முடியாததுக்கா?" தட்டை என் பக்கம் தள்ளினான். "சாப்பிடு. ஆறிடும்."

அதோடு பேச்சு முடிந்தது. அக்டோபர் முழுக்க அவன் போன் செய்யவில்லை. நான் செய்தால், ஆமா, இல்லை, கதவு. அதே பழைய மூன்று வாக்கியம்.

நவம்பர் முதல் வாரத்தில் வீப்ரன் கூப்பிட்டான்.

"ஒரு பிழை அறிக்கை வந்திருக்கு. எண் பதினெட்டு நாப்பது. இந்த மாதிரி நான் பாத்ததே இல்ல. உங்க நாட்டுக்காரர்போல. படிச்சுட்டு சொல்லு."

பிழை சொல்ல வருகிறவர்களுக்கு வீப்ரன் ஒரு படிவம் வைத்திருக்கிறான். அதை நிரப்பாமல் வந்தால் யாராக இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவான். இந்த ஆள் ஒரு கட்டம் விடாமல் நிரப்பியிருந்தார்.

'பிழையை மறுபடி உண்டாக்குவது எப்படி?
1. காலையில கம்பளிக் காலுறை போடணும்.
2. அஞ்சு பேருக்குக் காபித்தூள் எடுத்துக்கணும்.
3. மேல குடிலுக்குப் போயி கணப்பு மூட்டணும்.
4. காத்திருக்கணும்.
நீங்கள் எதிர்பார்த்தது என்ன?
குட்மன்ட், ஓட்னி, இன்னும் ரெண்டு பேரு வருவாங்க.
நடந்தது என்ன?
யாரும் வரல.
எந்தப் பதிப்பிலிருந்து இப்படி?
புதுசுல இருந்து. பழசுல நல்லாத்தான் இருந்துச்சு.'

நான் இரண்டு தடவை படித்தேன். மூன்றாவது தடவை படிக்கக் கண் விடவில்லை. துப்பாக்கி இல்லாமல், அனுமதி இல்லாமல், அவன் தனியாக அங்கே போயிருக்கிறான். ஐந்து பேருக்குக் காபித்தூளோடு போயிருக்கிறான்.

"என் அண்ணன்" என்றேன். ஹல்வார்டின் கடிதத்தையும் சொன்னேன். "சுவிட்சைப் போடச் சொல்லிடட்டுமா வீப்ரன்?"

அவன் அறிக்கையை மறுபடி மேலிருந்து கீழ்வரை படித்தான்.

"எண்ணிக்கை தப்பா இருக்கிறதுக்குத் தெரிஞ்சே கையெழுத்துப் போடுவியா?"

"போட முடியாது. அதான் பிரச்சினை."

"அறிக்கை முறைப்படி இருக்கு. பழசுல வேலை செஞ்சது புதுசுல செய்யல. என் கண்ணுக்கு இது பிழைதான். யாராவது பொறுப்பெடுக்கணும்" என்றான். அவன் அப்போதும் சிரிக்கவில்லை.

பொறுப்பாளர் என்ற கட்டத்தில் என் பெயரைப் போட்டேன். பிறகு ஹல்வார்டுக்குப் பதில் எழுதினேன். சுவிட்சைத் தொடாதீர்கள். ஆனால் ஒரு விஷயம்: ஆறு வருஷமாக யெர்வ் உண்டு என்று சங்கம் பதிவு செய்திருக்கிறது. இல்லை என்று மாற்ற வேண்டுமானால் யாராவது பார்த்து உறுதி செய்ய வேண்டும். ஒரு ஆள் பார்த்தால் செல்லாது. ஐந்து பேர், குளிர்காலம் முழுக்க, சனிக்கிழமைதோறும், எழுத்துமூலமாக.

ஹல்வார்ட் சங்கச் செயலாளராகவே பிறந்தவர். எழுத்துமூலமாக என்ற சொல்லைப் பார்த்ததும் மயங்கிவிட்டார். மூன்றே நாளில் தீர்மானம் நிறைவேறியது.

சனிக்கிழமை காலையில் பனியில் ஏறி நான் குடிலை அடைந்தபோது உள்ளே இடமே இல்லை. குட்மன்ட் தொலைநோக்கியைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். ஓட்னி தொத்திறைச்சியை நறுக்கிக்கொண்டிருந்தாள். அண்ணன் என்னைப் பார்த்து எழுந்து நின்றான்.

"என்ன விஷயம்?" என்றான். வேறு எப்படிக் கேட்பான்?

"பதினெட்டு நாப்பது. என் வீட்டுல வச்சு முயற்சி பண்ணினேன், அந்தப் பிழை வரல. உன் எடத்துல வச்சுத்தான் பாக்கணும்."

"ரொம்ப நேரம் ஆகுமா?"

"பத்துப் பன்னெண்டு சனிக்கிழமை ஆகும்."

"இவ படிச்ச படிப்புக்கு ரொம்ப மெதுவு" என்று ஓட்னியிடம் சொல்லிவிட்டு, பெஞ்சில் நகர்ந்து எனக்கு இடம் விட்டான்.

அன்றைக்கு மாலை மூன்று மணிக்கு வெளிச்சம் போகும்வரை உட்கார்ந்திருந்தோம். யெர்வ் இல்லை என்று ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டார்கள். காபி கொதித்து வழிந்து கணப்பு அணைந்தது. குட்மன்ட் மட்டும் தூரத்தில் ஏதோ அசைந்ததாகச் சொன்னார். ஹல்வார்டுக்குத் தெரிந்தால் அடுத்த வருஷமும் பார்க்கச் சொல்வார் என்று ஓட்னி சொல்ல, எல்லோரும் ஒருமனதாக அதையும் எழுதிவைத்தோம்.

திங்கட்கிழமை வீப்ரன் அறிக்கையின் கீழே கேட்டிருந்தான்: 'வணக்கம். எதிர்பார்த்தது இப்போது நடக்கிறதா? நடந்தால் இந்தப் பிழையை மூடிவிடுகிறேன்.'

அண்ணன் ஒற்றை விரலால் தட்டிய பதில் ஒரு மணி நேரம் கழித்து வந்தது.

'நடக்குது. எல்லாரும் வந்தாங்க. தயவுசெஞ்சு மூடாதீங்க. சரியாயிடுச்சுன்னு தெரிஞ்சா வரமாட்டாங்க.'

வீப்ரனுக்கு ஒரு பிழை திறந்து கிடந்தால் சோறு இறங்காது. அதை அவன் மூடவில்லை.