உடன் ஒருவர்

கப்பலின் மேல்தளக் கூடத்தில் பெயர் வாசித்தார்கள். பயணத்தின் நடுவே கரையிறங்கி ஐந்து நாள் மலைப்பாதையை முழுக்க நடந்து முடித்தவர்களுக்கு பெயர் பொறித்து ஆளுக்கொரு பித்தளை வில்லை. பதிவாளர் அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவரைக் கூப்பிட்டதும், அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போய், கைகுலுக்கி, வில்லையோடு திரும்பினார். அடுத்தது தான்தான் என்று அவர் மனைவி நாற்காலி நுனிக்கு வந்திருந்தாள். யாரோ ஒரு பல் மருத்துவரை அழைத்தார்கள். அதோடு பட்டியல் முடிந்து பழரசம் வந்துவிட்டது.

அவள் முப்பத்தொரு வருஷம் நர்ஸ் வேலை பார்த்தவள். கப்பல் அவருடைய ஆசை, மலை அவளுடையது. அதற்காக ஒரு வருஷம் பத்து கிலோ அரிசியை முதுகில் கட்டிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கினாள். எதிர்வீட்டுக்காரர்கள் கதவிடுக்கில் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று ஏறினாள்.

நேராக வரவேற்பு மேசைக்குப் போனாள். அங்கிருந்த பெண் பொறுமையாக ஐந்து குடில்களின் பதிவேட்டு நகல்களை எடுத்துப் பரப்பினாள். ஒவ்வொரு நாளும் இரவு தங்கும் குடிலில் நடந்தவர்கள் எழுதும் பதிவேடு அது. ஐந்து பக்கத்திலும் முத்து முத்தான கையெழுத்தில் அவர் பெயர் இருந்தது. பக்கத்தில், "உடன் ஒருவர்."

அவள் ஐந்து பக்கத்தையும் மறுபடி புரட்டினாள். குடிலுக்குள் நுழைந்ததும் அவர் பேனாவைத் தேடுவார், அவள் வெந்நீரைத் தேடுவாள். வெந்நீர் யாருக்கு? சொல்லச் சொல்லக் கேட்காமல் புது ஷூ மாட்டிக்கொண்டு வந்து, இரண்டாம் நாளே இரண்டு குதிகாலிலும் கொப்புளம் வாங்கிய புண்ணியவானுக்குத்தான். மூன்றாம் நாள் பாறையில் உட்கார்ந்து, வண்டி வரச்சொல், இறங்கிவிடலாம் என்று அழாத குறையாகச் சொன்னவரை, கட்டுப் போட்டு, அவர் பையையும் தன் மார்புப் பக்கம் மாட்டிக்கொண்டு, மீதி மலையைக் கடத்திவிட்டவள் அவள். அவள்தான் அந்த ஒருவர்.

பின்னால் வந்து நின்றவர் நகல்களை எட்டிப் பார்த்தார்.

"அட, இதுவா? ஆபீஸ் பழக்கம். குடும்பமா போனா அப்படித்தானே எழுதுவோம். எனக்குக் கொடுத்தா உனக்குக் கொடுத்த மாதிரிதானே. இந்தா, வேணும்னா இதை நீயே வச்சுக்க."

"உங்க பேர் பொறிச்சதை நான் குத்திக்கிட்டுத் திரியணுமா? ஆட்டத்துல சேர்த்துக்கிட்ட உப்புக்குச் சப்பாணியாங்க நான்?"

"சின்ன விஷயத்துக்குப் போய்..."

"எங்க வார்டுல கையெழுத்து இல்லாத மருந்து கொடுக்காத மருந்துதான். நான் நடக்கவே இல்லைன்னு அஞ்சு இடத்துல எழுதி வச்சிருக்கீங்க. சின்ன விஷயமா?"

திருத்த வழி உண்டு என்றாள் மேசைப் பெண். கூட நடந்த யாராவது, நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்திட்டால் போதும். வழிகாட்டிகள் தினம் மாறியவர்கள், மலையிலேயே இருந்துவிட்டார்கள். மற்ற பயணிகள் வேறு குழுக்களில் போனவர்கள். அவளோடு கூட நடந்தவர் ஒரே ஒருவர்தான். பெயர் திருத்தம் என்று வந்தவர்களையெல்லாம் முப்பது வருஷம் சாட்சி கொண்டா என்று திருப்பி அனுப்பிய மனிதர், இப்போது தானே சாட்சியாகப் படிவத்தின் முன் உட்கார்ந்தார்.

முதலில் எழுதியது: "என் மனைவி என்னுடன் நடந்தார்."

அவள் அதைக் கிழித்து, இன்னொரு படிவம் வாங்கி வைத்தாள்.

"நேத்து சாப்பாட்டு மேசைல என்ன சொன்னீங்க? இவளுக்கு முட்டி வலி, நான்தான் கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன்னு. எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சுத் தொலைச்சேன். விழுந்தாலும் மீசையில மண் ஒட்டலைன்னு நிக்கிற மனுஷன்தானேன்னு விட்டேன். இப்ப விடமாட்டேன். நடந்ததை எழுதுங்க."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். அந்தப் பல் மருத்துவர் பழரசக் கோப்பையோடு இரண்டடி தள்ளி நின்றிருந்தார். காது முழுக்க இங்கேதான்.

எழுத்தர் தலையைக் குனிந்துகொண்டார். என் மனைவி ஐந்து நாளும் நடந்தார் என்று எழுதினார். மூன்றாம் நாள் முதல் இரண்டு பைகளைச் சுமந்தார். என் கால்களுக்கு இரண்டாம் நாள் முதல் ஒவ்வொரு இரவும் கட்டுப் போட்டார். அவ்விடத்தில் பேனா நின்றது. வேண்டாம் என்று அவள் சொல்வாளோ என்று நிமிர்ந்து பார்த்தார். அவள் சொல்லவில்லை. அவர் இல்லையென்றால் நான் பாதியில் இறங்கியிருப்பேன் என்று அதையும் எழுதி முடித்தார்.

மருந்துச் சீட்டைச் சரிபார்ப்பதுபோல் வரி வரியாக விரல் வைத்துப் படித்தாள். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் தன்னைப் பற்றி அவர் எழுதியது இவ்வளவுதான், அதுவும் கேட்டு வாங்கியது என்று நினைத்தபோது அழுகை வந்தது. அழுதால் இதோடு முடித்துவிடுவார் என்று விழுங்கிக்கொண்டாள்.

அடியில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. எழுதுபவருக்கும் நடந்தவருக்கும் என்ன தொடர்பு என்று கேட்டிருந்தது. பழகிய கை, "கணவர்" என்று போட்டுவிட்டது.

"அதை அடிங்க."

"ஏன், அது சரிதானே?"

"அடிச்சிட்டு, 'உடன் ஒருவர்'னு எழுதுங்க. எழுதிப் பழக்கம் இருக்குல்ல."

அவர் "கணவர்" மேல் கோடு போட்டார். பக்கத்தில் "உடன் ஒருவர்" என்று எழுதினார். இந்த முறை எழுத்து முத்து முத்தாக இல்லை.