பேருக்கு ஓர் ஆள்

மகளின் மடிக்கணினியை மார்போடு அணைத்தபடி பெரியவர் வாசலை அடைத்து நின்றார். உள்ளே கூடத்தில் அவளைக் கிடத்தியிருந்தார்கள். நேற்று வேலை செய்த மேசையிலேயே சரிந்தவள்.

"இன்னும் தூக்கக்கூட இல்ல. அதுக்குள்ள அவ பேரை எடுத்துட்டு அட்ரஸை வேற ஆளுக்குக் குடுக்கணும்னு வந்து நிக்கிற. குவார்ட்டர்ஸை நாளைக்குக் காலி பண்ணுனா குடி முழுகிடுமா?"

பல்கலைக்கழகக் கணினி மையத்தில் அவளோடு வேலை பார்த்தவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "வீட்டு அட்ரஸ் இல்லீங்கய்யா. கம்ப்யூட்டரோடது. அங்க ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு நம்பர், ஒரு பேர். எல்லாத்தையும் இந்த லேப்டாப்புலேருந்து பதியறது அக்காதான். நாளைக்குப் பரீட்சை. அதுக்கு வந்த புது மெஷினுக்கு நம்பர் மிச்சமில்லன்னு தன் மெஷினோட நம்பரையே குடுக்கிறதா இருந்தாங்க. அதுக்குள்ள..."

படித்தவன் பேச்சு. நேற்று மருத்துவமனையில் 'பயப்படாதீங்க' என்றதும் படித்த வாய்தான்.

"அவ மெஷினுக்கு என்ன பேரு?"

"சில்வண்டு. ஏதோ பூச்சின்னு நாங்க கிண்டல் பண்ணுவோம்."

பெரியவரின் பிடி தளர்ந்தது. அவன் மடிக்கணினியைத் தாங்கிக்கொண்டான்.

ஓயாமல் வாயடித்த பிள்ளைக்கு அவர் வைத்த பேர் அது. பெரிய படிப்புக்குப் போனதும், 'நாலு பேர் முன்னாடி அப்படிக் கூப்பிடாதீங்கப்பா, மானம் போகுது' என்று சண்டை போட்டாள். அதற்குப் பிறகு அவர் கூப்பிட்டதில்லை.

"நம்பரை எடுத்துக்க. பேரை விட்டுடு."

"பேருக்குப் பொறுப்பா ஒரு ஆள் வேணுங்கய்யா. ஆள் இல்லாத பேரை வச்சிருக்கக் கூடாதுன்னு விதி போட்டதே அக்காதான்."

"நான் இருக்கேன்ல? என்னைப் போடு. தினம் வந்து தூசி தட்டுறேன். கூட்டிப் பெருக்குறேன். என்னைப் போடுப்பா."

"அங்க வேலை பாக்குறவங்களா இருக்கணும்..."

"செத்தவ பாக்குறாளா?"

அவன் படியில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தான்.

"அந்த மெஷின் இன்னும் அக்கா மேசையில ஓடிட்டுதான் இருக்கு. இங்கேருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டா அங்கேருந்து பதில் வரும். பாருங்க."

தட்டினான். கறுப்புத் திரையில் ஒரு வரி விழுந்தது. அதன் கீழே இன்னொன்று. பெரியவருக்கு அந்த எழுத்தெல்லாம் தெரியாது.

"என்னன்னு சொல்லுது?"

"இருக்கேன்னு சொல்லுது."

"அத்தான், வண்டி வந்துடுச்சு," என்றான் பெரியவரின் மைத்துனன். உள்ளே பெற்றவளின் குரல் உடைந்தது. காலடிகள் திரண்டன.

படியில் இருந்தவனின் விரல், கூப்பிடுவதை நிறுத்தும் விசைக்குப் போயிற்று. பெரியவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். பின்னால் வழி விடச் சொல்லி யாரோ அதட்டினார்கள். திரையில் வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக விழுந்துகொண்டிருந்தன.