பிரிக்காத அட்டைகள்

ரிஜ்வானைக் கட்டில் காலோடு கயிறு போட்டுக் கட்டிய பிறகும் அவன் தாய்மாமன் ஷேக் தாவூத் பெல்ட்டைக் கீழே போடவில்லை. மூன்றாவது அடியில் ரிஜ்வானின் சட்டை தோளில் கிழிந்தது. நோன்புப் பெருநாள் முடிந்து மூன்றாம் நாள் காலை. கூடமெங்கும் டிவி கண்ணாடி சிதறிக் கிடந்தது. கும்மிடிப்பூண்டி இரும்பு மில்லில் பழுக்கக் காய்ந்த கம்பியை இடுக்கியால் இழுக்கிற ரிஜ்வானின் கை, அரைமணிக்கு முன் அம்மிக்குழவியைத் தூக்கி டிவிமேல் போட்டது. தடுக்கப் போன தாயின் கையை முறுக்கிச் சுவரில் தள்ளியது. ஐந்து நாளாக அவனுக்குத் தூக்கம் இல்லை. மில்லையே விலைக்கு வாங்கப்போகிறேன் என்று ஒரே பேச்சு.

"மாத்திரை போடாம ஏமாத்திக்கினு கீறான்க்கா. திமிரு!"

"போட்டேன் மாமு! டெய்லி போட்டேன். எங்கம்மாவ கேளு!" வாயோரம் ரத்தத்தோடு கத்தினான் ரிஜ்வான்.

கேட்டும் கேட்காததுபோல் மெஹர்னிசா அரிசி டின் பக்கம் திரும்பிக்கொண்டாள். இவளும் ஒரு தாயா என்று யாரும் திட்டலாம், திட்டத்தான் வேண்டும். நோன்போடு உலைக்கு முன்னால் வியர்த்துக் கொட்டி, ரமலான் முதல் வாரத்திலேயே கை நடுங்கி வாந்தியெடுத்தான் பிள்ளை. உடம்பில் தண்ணீர் குறைந்தால் மனநோய்க்குக் கொடுத்த இந்த மாத்திரையே விஷமாகிவிடும் என்று ஆஸ்பத்திரியில் எச்சரித்திருந்தார்கள். நோன்பை விடச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. யாரையும் கேட்காமல் மாத்திரையை ஒளித்துவிட்டு, அதற்குப் பதில் சத்து மாத்திரையைக் கொடுத்தாள். அம்மா நீட்டினால் எதையும் பார்க்காமல் விழுங்குகிறவன் அவன்.

வாசலில் ஆட்டோ நின்றது. சென்னையிலிருந்து ஆராய்ச்சி டாக்டர் ஸ்ரீஜா, சொன்னபடி மெஹர்னிசாவின் ரத்தம் எடுக்க வந்திருந்தாள். உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் சக்தி தருகிற சின்னச் சின்ன உலைகள் உண்டு, மைட்டோகாண்ட்ரியா என்று பெயர், மனம் ஒரேயடியாகப் பொங்கி ஒரேயடியாகச் சோர்கிற இந்த நோயில் அவை சரியாக எரிவதில்லையோ என்று சந்தேகம், அவை தாயிடமிருந்துதான் பிள்ளைக்கு வரும், இன்னும் எதுவும் உறுதியில்லை என்று போன முறை விளக்கியிருந்தாள். கடைசியில் சொன்னது மெஹர்னிசாவின் காதில் ஏறவே இல்லை. தாயிடமிருந்து என்பது மட்டும் நெஞ்சில் தைத்துவிட்டது.

"ஐயோ, மொதல்ல கட்ட அவுருங்க!" பதறினாள் ஸ்ரீஜா.

"அவுத்தா கொன்னுடுவான் மேடம். மாத்திரைய துப்பிட்டு பொய் வேற சொல்றான்." தாவூத் மறுபடி கையை ஓங்கினான்.

மெஹர்னிசா மகன்மேல் போய் விழுந்தாள். அடி அவள் முதுகில் இறங்கியது.

"அவன அடிக்காத தாவூது. நான்தான் குடுக்கல."

தள்ளாடி எழுந்துபோய், அரிசி டின்னுக்குள் கைவிட்டு, பிரிக்காத மூன்று மாத்திரை அட்டைகளை எடுத்து ஸ்ரீஜாவின் முன்னால் வைத்தாள். மகனின் விரல் பதிந்து சிவந்திருந்த கையையும் அப்படியே நீட்டினாள்.

"எடுத்துக்கோ டாக்டரம்மா. நோவும் என்கிட்டேர்ந்துதான் போச்சு, இதுவும் என்கிட்டேர்ந்துதான் போச்சு."

"ரத்தம் அப்புறம்மா. அவருக்குத் தண்ணி குடுங்க. ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போலாம்."

தாவூதின் கையிலிருந்து பெல்ட் நழுவியது. ரிஜ்வான் அந்த அட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். சொம்பில் தண்ணீர் மொண்டுவந்து, கண்ணாடித் துண்டுகள்மேல் மண்டியிட்டு அவன் வாயருகே வைத்தாள் மெஹர்னிசா.

"குடிடா கண்ணு."

அவன் சொம்பைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பல்லை இறுகக் கடித்துக்கொண்டான். அவள் சொம்பைச் சாய்த்தபடியே இருந்தாள். தண்ணீர் அவன் மோவாயில் வழிந்து, ரத்தத்தோடு கலந்து, கயிற்றை நனைத்தது.