வேண்டாமுக்கும் ஒரு பட்டன்

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் பர்சானா ஒரு பிரவுசிங் சென்டர் நடத்தி வந்தாள். சொந்த ஊர் லப்பைக்குடிக்காடு. புருஷன் இலியாஸ் குவைத்தில் இருந்தான். அவளிடம் வேலை பார்த்த வெற்றிச்செல்வி பி.சி.ஏ. முடித்தவள், வெப்சைட் கட்டத் தெரிந்தவள். 2006-ம் வருஷம் மே மாதம், நடராசன் என்பவருக்காக அவள் ஒரு கல்யாண வெப்சைட் கட்டிக்கொண்டிருந்தாள்.

நடராசன் அரியலூரில், ரயிலடிக்குப் போகிற ரோட்டில் திருமணத் தகவல் மையம் வைத்திருந்தார். கம்ப்யூட்டரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் தனக்கு என்ன வேண்டும் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

"பாப்பா, 'சம்மதம்'ங்கற பட்டன் பச்சைக் கலர்ல இருக்கணும். கண்ணாடி போடாமயே எனக்குத் தெரியற மாதிரி பெருசா இருக்கணும்."

"'வேண்டாம்' பட்டனை எங்க சார் வைக்கறது?"

நடராசனுக்கு அந்தக் கேள்வியே பிடிக்கவில்லை. "அது எதுக்கும்மா? வேண்டாம்ங்கறவங்க என்கிட்ட எதுக்கு வரப்போறாங்க?"

"வந்து பார்த்துட்டு, பிடிக்கலைன்னா?"

"பிடிக்கற வரைக்கும் பார்க்கட்டும்."

பர்சானாதான் சமாதானம் பண்ணி வைத்தாள். 'வேண்டாம்' இருக்கும், ஆனால் லேசில் கண்ணில் படாது. பக்கத்தின் அடியில், சாம்பல் நிறத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் இருக்கும். அதைக் கண்டுபிடித்து அமுக்கினால், ஏன் வேண்டாம் என்று விளக்கி எழுதச் சொல்லி ஒரு பக்கம் வரும். 'பெரியவர்களிடம் கேட்டீர்களா?' என்று அடுத்த பக்கம். அதற்கும் அடுத்து, மாலை போட்ட ஜோடியின் படத்தோடு, 'நல்ல வரன், இன்னொரு முறை யோசியுங்கள்' என்று ஒரு பக்கம். அங்கேயும் பெரிதாக ஒரு பச்சைப் பட்டன். அந்தப் பக்கத்தை எழுதும்போது வெற்றிச்செல்விக்கே சிரிப்பு தாங்கவில்லை.

அப்புறம் குக்கீ. வந்தவர் யார் என்று அடுத்த தடவை அடையாளம் தெரிய, வெப்சைட் கம்ப்யூட்டருக்குள் போட்டு வைக்கிற சின்னக் குறிப்பு அது. அப்படிப் போடலாமா வேண்டாமா என்று வருகிறவர்களைக் கேட்க வேண்டும் என்றாள் வெற்றி.

"கேளு. ஆனா எல்லாரும் சரின்னு சொல்ற மாதிரி கேளு" என்றார் நடராசன்.

ஆகவே 'உங்களை நினைவில் வைத்துக்கொள்ளலாமா?' என்ற கேள்விக்குக் கீழேயும் 'தாராளமாக' என்று ஒரு பச்சைப் பட்டன் உட்கார்ந்தது. மறுப்பதற்கான வழி வழக்கம்போல அடியில், சாம்பலில்.

நடராசன் அவசரப்படுத்தியதால் வெப்சைட் ஒரு வாரம் முன்பே திறந்து, வரன்களின் விவரங்களும் ஏறியிருந்தன. புதிதாகப் பதிகிற பெண்ணுக்கு எல்லாம் சரியாக வருகிறதா என்று பார்க்க ஒரு பெண்ணின் விவரம் தேவைப்பட்டது. வெற்றி தன் பெயரையே போட்டாள், தன் போட்டோவையே போட்டாள், சென்டரின் போன் நம்பரைக் கொடுத்தாள். நினைவில் வைத்துக்கொள்ளலாமா என்று அது கேட்டபோது மறுக்க அவளுக்கும் பொறுமை இல்லை. தாராளமாக என்று அமுக்கிவிட்டாள். பிறகு விவரத்தை அழிக்க மறந்து சாப்பிடப் போய்விட்டாள்.

அந்த நேரம் பார்த்து வாலிகண்டபுரத்திலிருந்து நல்லதம்பி என்ற விவசாயி மகளின் பிளஸ் டூ ரிசல்ட் பார்க்க வந்தார். பர்சானா குவைத்துடன் போனில் இருந்தாள். கையை நீட்டி, வெற்றி எழுந்து போன கம்ப்யூட்டரைக் காட்டினாள். நடராசன் வற்புறுத்தியதால், அந்த சென்டரில் எந்தக் கம்ப்யூட்டரைத் திறந்தாலும் முதலில் அவருடைய வெப்சைட்தான் வரும். 'வணக்கம் வெற்றிச்செல்வி' என்றது திரை. நல்லதம்பி அதைப் படிக்கவில்லை. பச்சையாக ஒன்று தெரிந்தது, அமுக்கினார். ஒரு பையனின் போட்டோ வந்தது. மறுபடி பச்சை, மறுபடி அமுக்கினார். இன்னொரு பையன். பள்ளிக்கூடத்தில் இத்தனை பையன்கள் எழுதியிருக்கிறார்களா என்று வியந்தபடி, மகளின் மார்க் வரும் வரும் என்று அமுக்கிக்கொண்டே இருந்தார். கரண்ட் போனதும் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலையிலிருந்து சென்டரின் போன் ஓயவில்லை.

"ஆண்டிமடத்திலேர்ந்து பேசறோம். பொண்ணுக்கு சம்மதம்னு வந்திருக்கு. ரொம்ப சந்தோஷம்."

வைத்தால் அடுத்தது. ஜெயங்கொண்டத்தில் ஜவுளிக்கடை. துறையூரில் வாத்தியார். பர்சானா ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னாள்: "மாஷா அல்லாஹ்! சுத்துப்பட்டு மாப்பிள்ளை பூரா உனக்குத்தான், வெற்றி. மத்த புள்ளைங்களுக்கும் ஒண்ணு ரெண்டு மிச்சம் வை."

"அக்கா, சும்மா இருங்கக்கா!"

வெற்றி கம்ப்யூட்டரில் பாய்ந்து உட்கார்ந்தாள். ஒவ்வொருவராக வேண்டாம் சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தாள். ஜவுளிக்கடைக்காரருக்குக் காரணம் எழுதினாள். காரணம் போதாது, இன்னும் விளக்கமாக எழுதவும் என்றது வெப்சைட். அப்படிக் கேட்கச் சொல்லி வைத்தவளே அவள்தான். இன்னும் விளக்கமாக எழுதினாள். பெரியவர்களிடம் கேட்டேன் என்றாள். மாலை போட்ட ஜோடி வந்தது. போன் மறுபடி அலற, பதற்றத்தில் கை பச்சையில் பட்டுவிட்டது. 'உங்கள் சம்மதத்துக்கு நன்றி!'

"ஐயோ, மறுபடியும் சம்மதிச்சுட்டேன்க்கா!"

பர்சானா சிரித்துச் சிரித்து நிற்க முடியாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அப்போது மாடிப்படியில் பூ வாசனை ஏறி வந்தது. பின்னாலேயே, தட்டில் வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, ஒரு பெரிய ஜிலேபிப் பொட்டலத்தோடு ஓர் அம்மாள் வந்தாள். பட்டுச்சேலை, மூச்சிரைப்பு, முகமெல்லாம் சிரிப்பு.

"நான் அம்மாக்கண்ணு, அரியலூரு. இவன் என் மவன் மணிவண்ணன். சிமெண்ட் பேக்டரி லேப்ல வேலை. புள்ளைங்க ரெண்டு பேருமே சம்மதம் சொல்லிட்டதா நடராசன் போன் பண்ணாரு. அதான் நல்ல நேரம் போறதுக்குள்ள வந்துட்டோம். வூடு எங்கன்னு தெரியல, இந்த நம்பருதான் இருந்துச்சு. எங்க கண்ணு, பொண்ணு?"

சென்டரில் இருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் வெற்றியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மணிவண்ணன் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தான். உயரமானவன். நெற்றியெல்லாம் வேர்வை. "ரெண்டு வார்த்தை தனியா பேசலாங்களா?" என்றான். இருவரும் கடைக்கோடிக் கேபினுக்குள் போனார்கள். பலகைத் தடுப்புக்கு மேலே கூரை கிடையாது. வெளியே யாரும் கீபோர்டைத் தொடவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க" என்று தாழ்ந்த குரலில் ஆரம்பித்தான் அவன். "உங்களைப் பத்தி ஒண்ணும் இல்ல. எனக்கு இப்ப கல்யாணமே வேண்டாம். அம்மா எனக்குத் தெரியாம பதிஞ்சுட்டாங்க. வெப்சைட்டுலயே வேண்டாம்னு சொல்லிடலாம்னு நேத்து சாயங்காலம் பூரா உட்கார்ந்து பார்த்தேன். முடியல. பஸ்ஸைப் பிடிச்சு நேர்ல வந்து சொல்றது அதைவிட லேசா இருந்துச்சு."

வெற்றி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "எந்தப் பக்கம் வரைக்கும் போனீங்க?"

"மாலை போட்டுகிட்டு ஒரு ஜோடி நிக்குமே."

"அங்க பச்சையை அமுக்கிட்டீங்களா?"

"எப்படிங்க தெரியும்?"

"நானும் அங்கதான் விழுந்தேன்!"

"அதைக் கட்டுன படுபாவி மட்டும் கையில கிடைச்சா..."

"நான்தாங்க."

அவன் அவளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள். முதலில் யார் சிரித்தது என்று பிற்பாடு இருவருக்குமே சொல்லத் தெரியவில்லை. பலகைத் தடுப்பு அதிரும்படி சிரித்தார்கள். வெளியே அம்மாக்கண்ணு, "பாருங்க, எவ்வளவு பொருத்தம்!" என்று பர்சானாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு இருவரும் வெளியே வந்தார்கள்.

"அம்மா, எனக்கு வேண்டாம்" என்றான் மணிவண்ணன்.

"எனக்கும் வேண்டாம்மா" என்றாள் வெற்றி. இருவர் முகத்திலும் பரிசு விழுந்த மாதிரி சந்தோஷம்.

அம்மாக்கண்ணுவுக்குத் தலை சுற்றியது. "ரெண்டு பேருக்கும் வேண்டாம்னா, சம்மதம்னு யாருடா சொன்னது?"

"பச்சையா, பெருசா இருக்குமே, அதுங்களா?" என்று வாசல் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. நல்லதம்பி. நேற்று வராத மார்க்கைப் பார்க்க மறுபடி வந்திருந்தார். "இந்தப் புள்ளை சீட்டுல உக்காந்து அதை நான்தான் அமுக்குனேன். அமுக்க அமுக்கப் பசங்களா வந்தாங்க."

வெற்றிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. குக்கீ நல்லதம்பியை வெற்றிச்செல்வி என்றே நம்பியிருக்கிறது. "ஏங்கய்யா அத்தனை தடவை அமுக்குனீங்க?"

"வேற எதைம்மா அமுக்கறது?" என்றார் அவர் அப்பாவியாக. "வேற ஒண்ணுமே இல்லையே!"

வெற்றி அவரிடம் பரீட்சை நம்பரை வாங்கி, சரியான இடத்தில் தட்டி, மகளின் மார்க்கை எடுத்துக் கொடுத்தாள். பாஸ். கணக்கில் நூற்றெண்பதுக்கு மேல். நல்லதம்பி திரையையே தொட்டுக் கும்பிட்டார். அம்மாக்கண்ணு ஒரு கணம் தட்டைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள். பிறகு பொட்டலத்தைப் பிரித்தாள்.

"வாங்கி வந்தது வாங்கி வந்ததுதான். புள்ளை பாஸாயிருக்கு, எல்லாரும் எடுத்துக்குங்க."

அன்றைக்கு அந்த சென்டரின் கீபோர்டுகள் எல்லாம் பிசுபிசுத்துப் போயின.

ஜிலேபி தின்ற கையைக் கழுவிவிட்டு வெற்றி வேலையில் உட்கார்ந்தாள். முதலில் தன் விவரத்தை அழித்தாள். காரணம் கேட்கும் பக்கத்தைத் தூக்கினாள். மாலை ஜோடியைத் தூக்கினாள். 'சம்மதம்', 'வேண்டாம்' இரண்டையும் ஒரே அளவில், ஒரே நிறத்தில், பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். நினைவில் வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்விக்கும் அப்படியே: 'சரி', 'வேண்டாம்'. எதை அமுக்கினாலும் ஒரே அமுக்கு.

சேதி தெரிந்து நடராசன் அடுத்த நாளே பஸ் ஏறி வந்துவிட்டார். "என் கடையைச் சாத்தச் சொல்றியா பாப்பா? அந்தப் பட்டனைக் கையில கொடுத்தா எல்லாரும் வேண்டாம்னுதானே சொல்லுவாங்க!"

"சார், உங்களுக்கு இதுவரைக்கும் வந்த சம்மதத்துல எது நிஜம்?" என்று கேட்டாள் வெற்றி.

"எல்லாம் நிஜம்தான்."

பர்சானா போனை அவர் பக்கம் நகர்த்தினாள். "கேட்டுப் பாருங்களேன் அண்ணே."

கேட்டார். ஒரு வீட்டில், பக்கம் நகரவில்லை, அதனால் அமுக்கினோம் என்றார்கள். இன்னொரு வீட்டில் குழந்தை விளையாடியதாம். துறையூர் வாத்தியார் மட்டும், தான் யோசித்துத்தான் அமுக்கியதாகவும், ஆனால் யாருக்கு என்று நினைவில்லை என்றும் சொன்னார். நடராசன் போனை வைத்துவிட்டு ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்தார்.

"சரி. ஆனி முடியட்டும், பார்ப்போம்."

முதல் வாரம் 'வேண்டாம்' மழையாகக் கொட்டியது. பெண்கள் கூட்டமாக வந்தார்கள். ஒருத்தி அமுக்க, மற்றவர்கள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக் கத்தினார்கள். கேள்வி கேட்காத ஒரு வேண்டாமை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை. பதிவே செய்யாத பெண்கள்கூட, நினைவில் வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்விக்கு வேண்டாம் சொல்லி ஆசை தீர்த்துக்கொண்டு போனார்கள். நடராசன் தினமும் போன் பண்ணிப் புலம்பினார். பிறகு மெல்ல மெல்லச் சம்மதங்களும் வந்தன. எண்ணிக்கை குறைவுதான், ஆனால் அடுத்த நாள் கேட்டாலும் சம்மதமாகவே இருந்தன. ஆவணியில் அவருக்குக் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டே வயிறு கெட்டது. ரெண்டு பட்டன் யோசனை தன்னுடையதுதான் என்று அரியலூர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மணிவண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரம்பலூர் வர ஆரம்பித்தான். மெயில் பார்க்க என்று சொல்வான். வெற்றியும் அவனும் ஏற்கெனவே வேண்டாம் சொல்லிக்கொண்டவர்கள் என்பதால், பேச எந்தத் தயக்கமும் இருக்கவில்லை. ஒரு நாள் சுண்ணாம்புச் சுரங்கத்தில் கிடைத்த கல்லைக் கொண்டுவந்தான். நத்தை மாதிரி சுருண்டிருந்தது. அரியலூர் ஒரு காலத்தில் கடலுக்கடியில் கிடந்தது என்றான். "அப்ப பெரம்பலூரு?" என்று கேட்டாள் அவள். "கரையா இருந்திருக்கும். காத்து வாங்க வந்திருப்போம்."

ஐப்பசியில் ஒரு நாள், கீழே டீக்கடையில், கிளாஸைச் சுற்றிச் சுற்றித் திருப்பிவிட்டு அவன் கேட்டான்: "நாம கல்யாணம் பண்ணிக்கலாங்களா?"

"வேண்டாங்க" என்றாள் வெற்றி, சட்டென்று.

"சரிங்க" என்றான்.

அவ்வளவுதான். ஏன் என்று கேட்கவில்லை. இன்னொரு முறை யோசிக்கச் சொல்லவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. டீயைக் குடித்து முடித்தான். பிறகு லேபில் பாம்பு புகுந்த கதையைச் சொன்னான், அவளும் சிரித்தாள். நேரமானதும் போயிட்டு வரேன் என்று பஸ் ஏறினான்.

அந்தச் 'சரிங்க' வெற்றியை விடவே இல்லை. குழம்பு கொதிக்கையில் நினைவு வந்தது. ஆன்லைன் அப்ளிகேஷன் நிரப்பிக்கொண்டிருக்கையில் நினைவு வந்து, யாரோ ஒருவரின் அப்பா பெயர் போட வேண்டிய இடத்தில் மணிவண்ணன் என்று தட்டிவிட்டு அழித்தாள். பர்சானா பார்த்துவிட்டாள், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நன்றாகப் பார்த்தாள்.

புதன்கிழமை வெற்றி அரியலூர் பஸ் ஏறினாள். பேக்டரி கேட்டில் ஷிப்ட் முடிந்து, தலைமுடியெல்லாம் சிமெண்ட் தூசியோடு மணிவண்ணன் வெளியே வந்தான். அவளைக் கண்டதும் சைக்கிளை நிறுத்த மறந்து அப்படியே கீழே விட்டான்.

"நாம கல்யாணம் பண்ணிக்கலாங்களா?" என்று கேட்டாள் அவள். "பிடிக்கலைன்னா சொல்லிடுங்க, அடுத்த பஸ்ஸுலயே திரும்பிப் போயிடுவேன். ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

"பஸ்ஸு கிடக்குதுங்க, எனக்குச் சம்மதம்" என்றான் மணிவண்ணன். கேட்டில் நின்ற வாட்ச்மேன் ஓடிவந்து சைக்கிளைத் தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது.