மாறிப்போன குழல்

சித்தூரில் துப்பாக்கி பழுதுபார்க்க லைசென்ஸ் வைத்திருப்பவன் நான், சிவசங்கரன். பழைய துப்பாக்கியை நீட்டி, "இது முழுக்கக் கையால செஞ்சது" என்று யாராவது பீற்றிக்கொண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். செய்தது மிஷின்தான். அதைப் பொருத்தியதுதான் கை. செய்பவன் குழலில் விளக்குப் புகைக் கரியைத் தடவி, கட்டையில் மாட்டி மூடிப் பார்ப்பான். கரி அழிந்த இடத்தில் மட்டும் அரம் போடுவான். மறுபடி கரி, மறுபடி அரம். அப்படிப் பொருத்திய குழல், பிடியும் விசையுமுள்ள அந்த ஒரு கட்டைக்குத்தான் சேரும்.

புத்தலப்பட்டு தனசேகரிடம் இதை மூன்று முறை சொன்னேன். அவருடைய இரட்டைக்குழல் துப்பாக்கி மூடவில்லை. இரண்டிலும் பொறித்திருந்த நம்பரைப் பார்த்தேன். கட்டை அவருடையது, குழல் அவர் அண்ணன் முனிகிருஷ்ணனுடையது. இருவரும் நைனா என்று கூப்பிட்ட அப்பா விட்டுப்போன துப்பாக்கி ஜோடி. தேர்தலுக்காகப் போலீஸ் ஸ்டேஷனில் கழற்றி ஒப்படைத்ததைத் திரும்ப வாங்கும்போது, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாதென்ற அவசரத்தில் கைக்கு வந்த குழலை அள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஒன்பது வருடமாகப் பேச்சில்லை.

"அண்ணங்கிட்ட குடுத்து மாத்திக்கினு வாங்க."

"அவன் வாசல்ல நான் கால வெப்பனா? ரெண்டும் ஒரே மாடல்தானே, கொஞ்சம் தேச்சி வுடுய்யா."

"தேச்சா அந்தக் குழல் எதுக்கும் ஆவாது. சுட்டா மூஞ்சிலதான் வெடிக்கும்."

"உனுக்கு வேல தெரியல, அத்த சொல்லு."

தூக்கிக்கொண்டு போய்விட்டார். தொலையட்டும் என்றுதான் இருந்தேன். மனசு கேட்கவில்லை, அண்ணனுக்குப் போன் போட்டேன்.

மூன்றாம் நாள் முனிகிருஷ்ணன் தன் கட்டையோடு வந்தார். பழைய வேட்டித் துணியில் தம்பியின் குழல். எண்ணெய் போட்டிருந்தது, அரம் படவே இல்லை. "மாறினது அன்னிக்கே தெரியும். அவனே வந்து கேக்கட்டும்னு வெச்சிருந்தேன்" என்றார். உங்கள் குழல் கிடைத்துவிட்டது என்று மட்டும் சொல்லித் தனசேகரைத் துப்பாக்கியோடு வரவழைத்தேன்.

தம்பியின் குழலைத் தம்பியின் கட்டையில் மாட்டினேன். டக்கென்று மூடியது. அண்ணனின் குழலைக் கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது. குழலைக் கட்டையோடு பூட்டும் அடிக்கொக்கி புதிதாகப் பளபளத்தது. மூன்று நாளுக்குள் தனசேகர் எவனோ பட்டறைக்காரனிடம் கொடுத்துத் தேய்க்க வைத்திருக்கிறார். கரி தடவி அண்ணனின் கட்டையில் மூடினேன். லொடலொடவென்று ஆடியது. திறந்து பார்த்தால் கொக்கியில் தடவிய கரி அப்படியே இருந்தது, எங்கேயும் உரசவே இல்லை.

"இனிமே இத்த சுடவே கூடாது" என்றேன்.

தனசேகர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவரை அறைய வேண்டும் போலிருந்தது.

முனிகிருஷ்ணன் கத்தவில்லை. ஒன்பது வருடம் கழித்துத் தம்பியிடம் பேசினார்.

"உன்துதான் நல்லா மூடுதே. இன்னொரு தபா மூடிக் காட்டு. நைனா துப்பாக்கி மூடற சத்தத்த கேட்டுக்கினு போறேன்."

தனசேகர் துப்பாக்கியைத் தொடவே இல்லை.