ஒட்டகத்தை நிறுத்துகிற ஆள்

அட்வெஞ்சர் பைக்கை விற்கப்போவதாக அறிவித்த வாரத்தில், அப்பா அதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார். எதிர்வீட்டு வக்கீலிடம், "பெட்ரோல் குடிச்சே என்னை அழிச்சிடும் சார்" என்றார். சித்தப்பாவிடம், "வயசாகுதுல்லடா, இனிமே எதுக்கு இதெல்லாம்" என்று பெருமூச்சு விட்டார். விளம்பரம் பார்த்து ஃபோன் செய்த ஒருவரிடம் தனக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்துவிட்டதாகச் சொன்னார். அப்போது அவர் லுங்கியுடன் தரையில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்.

உண்மையான காரணம் ஒன்றுதான். அப்பாவுக்கு அந்த வண்டியை நிறுத்த முடியாது.

பிரேக் பிடிப்பதில் ஒரு குறையும் கிடையாது. பிடித்த பிறகு வண்டி விழாமல் நிற்க வேண்டும் அல்லவா, அங்கேதான் சிக்கல். அதன் சீட் அப்பாவின் இடுப்பைத் தாண்டிய உயரம். ஏறி உட்கார்ந்தால் அவர் கால் இரண்டும் காற்றில் தரையைத் தேடிக்கொண்டு தொங்கும். சீட்டைக் கொஞ்சம் இறக்கித் தருகிறேன் என்று மெக்கானிக் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார். "இறக்கினா அதுக்குப் பேரு அட்வெஞ்சர் பைக் இல்ல, வெறும் பைக்" என்று அப்பா அந்தப் பேச்சுக்கே முற்றுப்புள்ளி வைத்துவிட்டார்.

இத்தனைக்கும் அப்பாவின் உத்தியோகம் லிஃப்ட் இன்ஸ்பெக்டர். ஒவ்வொரு கட்டடமாகப் போய், லிஃப்ட் மாடித் தரைக்குச் சரிமட்டமாக வந்து நிற்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. ஒரு விரல்கடை மேலே நின்றால்கூட, "இது ஆளைக் கொன்னுடும்" என்று பூட்டுப் போட்டுவிட்டு வருவார். அதே ஆள் ஞாயிற்றுக்கிழமை ஆனால், தரைக்கு ஒரு சாண் மேலே கால் தொங்க இந்த வண்டியில் ஏறுவார்.

இப்படிப்பட்டவர் நான்கு வருடம் அதை எப்படி ஓட்டினார் என்றால், அம்மா இருந்தாள்.

அம்மா பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். வாலிபால் ஆடி வளர்ந்த உயரம். கல்யாணப் படத்தில் அப்பா ஒரு படி மேலே நிற்பார். அப்படியும் இருவரும் சமமாகத்தான் இருப்பார்கள். சிக்னல் கண்ணில் பட்டதும் அப்பா முன்னாலிருந்து, "கால்!" என்று குரல் கொடுப்பார். அம்மா பின்சீட்டில் இடப்பக்கமாக நகர்ந்து, அதற்கென்றே வாங்கிய தடித்த அடி ஷூவைத் தரையில் ஊன்றி, "வெச்சாச்சு" என்பாள். அந்தச் சொல் காதில் விழுந்த பிறகுதான் அப்பா வண்டியை அந்தப் பக்கம் சாய்ப்பார். பச்சை விழுந்ததும் "எடுத்தாச்சு" என்று சத்தம் வரும். ஒட்டகம் கிளம்பும். ஒட்டகம் என்பது அம்மா வைத்த பெயர். பாலைவனத்துக்கென்று செய்தது, ஏறுவதும் இறங்குவதும் பெரும்பாடு, சாப்பாடு மட்டும் குறையக் கூடாது என்பதால்.

வண்டியோடு வந்த புத்தகத்தில் ஒருவன் மணல்மேட்டில் புழுதி பறக்கப் போவான். எங்கள் ஒட்டகம் பார்த்த அதிகபட்ச மணல், பக்கத்துத் தெருவில் வீடு கட்டக் கொட்டியது. இமயத்தைத் தாங்கும் என்று சொல்லி விற்ற அலுமினியப் பெட்டிகளில் காலிஃப்ளவர் வரும். போன தூரங்களிலேயே பெரிய தூரம் ஓர் அணைக்கட்டு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனார்கள். வீட்டில் கரண்ட் பில்லைத் தவிர வேறு எதுவும் பேசிக்கொள்ளாத இரண்டு பேர், ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கத்திக் கத்திப் பேசிக்கொண்டே போவார்கள். திரும்பி வரும்போது இருவருக்கும் தொண்டை கட்டியிருக்கும். முகம் மட்டும் கழுவி விட்டாற்போல் இருக்கும்.

இதற்கெல்லாம் அம்மாவின் முதுகு முடிவு கட்டியது. நாள்பட்ட வலி. எலும்பு டாக்டர் விசாரித்ததற்கு அம்மா, "பைக்ல பின்னாடி உக்காந்து போவேன்" என்று மட்டும் சொன்னாள். "இனிமே உக்காராதீங்க" என்று அவரும் அதோடு முடித்துக்கொண்டார்.

"நீங்க போயிட்டு வாங்க. என்னால உங்க சந்தோஷம் கெட வேணாம்" என்றாள் அம்மா.

"ஆமா, போகத்தான் போறேன்" என்றார் அப்பா, வீரமாக.

அந்த ஞாயிறு ரொட்டி வாங்கி வருகிறேன் என்று தனியாகக் கிளம்பினார். நான் வண்டியைப் பிடித்துக்கொண்டேன்; ஏறிப் போய்விட்டார். பேக்கரி அடுத்த தெரு. ஆள் திரும்பி வந்தபோது எங்கள் பசி ஆறி, மறுபடியும் எடுத்திருந்தது. வாசலில் வேகத்தைக் குறைத்து, மதில் சுவரோடு சுவராக உரசிச் சாய்ந்து நின்று, "டேய்! ஓடி வாடா!" என்று அலறினார். கையில் ரொட்டி இல்லை.

"கடை மூடியிருந்துது" என்றார்.

நடந்தது பிறகு தெரிந்தது. சிவப்பு விழுந்த இடத்திலெல்லாம் நிற்கப் பயந்து இடப்பக்கம் திரும்பியிருக்கிறார். இடப்பக்கமாகவே திரும்பினால் ஒருவர் எங்கே போய்ச் சேருவார்? பேக்கரி வாசலுக்கே போய்ச் சேர்ந்திருக்கிறார், திரும்பத் திரும்ப. அங்கே கால் வைக்க உயரமான நடைபாதை ஓரம் இல்லை. பேக்கரி அக்கா அம்மாவுக்கு ஃபோன் போட்டு, "டீச்சர், சார் எங்க கடை முன்னாடி போகும்போதெல்லாம் கை காட்டிட்டே போறாரு. நானும் காட்டிக்கிட்டே இருக்கேன். ஏதாச்சும் கோபமா?" என்று கேட்டிருக்கிறார்.

மறுநாள்தான் அப்பா விற்கப்போவதாக அறிவித்தார்.

"அவரால நிறுத்த முடியலன்னு உனக்குத் தெரியும்ல, நீயே அவர்கிட்ட சொல்லிடேன்மா" என்றேன் அம்மாவிடம்.

"நான் எதுக்குடா சொல்லணும்? அவரு வாயால வரட்டும். 'நீ இல்லாம என்னால முடியல'ன்னு சொல்ல இந்த மனுஷனுக்கு எத்தனை வருஷம் ஆகும்னு நானும் பாக்கறேன்." கொஞ்ச நேரம் கழித்து, "சொன்னாலும் என்ன பண்றது? என் முதுகு இப்படி ஆயிடுச்சே" என்றாள். கேலியாக ஆரம்பித்த பேச்சு கேலியாக முடியவில்லை.

வந்து பார்த்தவர்களில் கடைசியாக வந்தவர் ஓர் இளம் பல் டாக்டர். நெடுநெடுவென்று வளர்ந்தவர். ஹெல்மெட், கையுறை, முழங்கால் கவசம் எல்லாம் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது, பைக்தான் பாக்கி. வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, பெட்டியைத் திறந்து பார்த்தார். உள்ளே ஒரு காலிஃப்ளவர் இலை காய்ந்து கிடந்தது.

"ரொம்ப தூரம் போயிருக்கீங்களா அங்கிள்?"

"சாகசத்துக்கு தூரம் முக்கியம் இல்ல தம்பி" என்றார் அப்பா.

"ஏன் விக்கறீங்க?"

"அலுத்துப் போச்சு."

அம்மா ஜன்னலுக்குப் பின்னால் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒரே சட்டையை மூன்றாம் முறையாக.

பல் டாக்டர் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கக் கேட்டார். முன்பின் தெரியாதவரிடம் சாவியைக் கொடுத்து அனுப்ப முடியுமா? அப்பாவும் கூடவே போவது என்று முடிவானது. நான் அணை கொடுக்க, அவர் தன் வாழ்க்கையிலேயே முதல் முறையாக அந்த வண்டியின் பின்சீட்டில் ஏறினார். இருவரும் தெருமுனையில் மறைந்ததும் அம்மா வாசலுக்கு வந்து நின்றாள்.

"நல்லா ஓட்டறான்" என்றாள், பிள்ளையைப் பறிகொடுத்த குரலில்.

அவர்கள் திரும்பி வந்தபோது பல் டாக்டரின் முகம் வெளுத்திருந்தது. வண்டியை அலுங்காமல் நிறுத்தி, இரண்டு காலையும் தரையில் வைத்தார். ஹெல்மெட்டைக் கழற்றியதும் முதல் வேலையாக அம்மாவைப் பார்த்தார்.

"ஆன்ட்டி, அங்கிளுக்கு உடம்புக்கு ஏதாவது பிரச்சினையா?"

"ஏன்?"

"ஒவ்வொரு சிக்னல்லயும் 'கால், கால்'னு கத்தறாரு. யாரோட காலையோ ஏத்திட்டேன்னு எனக்கு உயிரே போயிடுச்சு. இறங்கி சக்கரத்துக்கு அடியில எல்லாம் பாத்தேன்."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அப்பா பின்சீட்டிலிருந்து இறங்கவில்லை. கால்கள் தொங்க, எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, இறங்குங்க" என்றாள் அம்மா.

"பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிர்ல ஒரு மரம் இருக்கு தெரியுமா?" என்றார் அப்பா. "உச்சி முழுக்க கொக்கு."

"தெரியும். நாலு வருஷமா சொல்லிட்டிருக்கேன்."

"எனக்கு இன்னிக்குத்தான் தெரியும். முன்னாடி உக்காந்தா எப்ப நிறுத்தணும், எங்க நிறுத்தணும்னு அது ஒண்ணுதான் ஓடும். பின்னாடி இருந்து பாத்தா... இத்தனை இருக்கா?" பிறகு, பட்டாணி உரிக்கும்போது பேசுகிற அதே சாதாரணக் குரலில், "நீ இல்லாம என்னால நிறுத்த முடியல. அதான் விக்கறேன். அலுப்பெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றார்.

பல் டாக்டர் கையுறையைக் கழற்றுவதா, மாட்டுவதா என்று தெரியாமல் பாதியில் வைத்திருந்தார்.

அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். வெளியே வந்தபோது காலில் தடித்த அடி ஷூ. "தம்பி, கொஞ்சம் இறங்குங்க" என்று பல் டாக்டரிடம் சொன்னாள். அவர் ஸ்டாண்டைப் போட்டு இறங்கியதும் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, இரண்டு பாதத்தையும் தரையில் அழுத்தி வைத்து, வண்டியை நிமிர்த்திப் பிடித்தாள். அப்பா பின்னால் இருந்தபடியே. ஒட்டகம் ஆடவில்லை, அசையவில்லை.

"உனக்கு கியர் வண்டி வருமா?" என்றார் அப்பா.

"கல்யாணத்துக்கு முன்னாடியே லைசென்ஸ் எடுத்தாச்சு. என் தம்பி வண்டியை யாரு ஓட்டுனதுன்னு நினைச்சீங்க?"

"ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"நீங்க ஆசையா வாங்கின வண்டி. முன்சீட்டை எப்படிங்க கேக்கறது?"

"சரி, முதுகு?" என்றேன் நான், குடும்பத்தில் ஒருவராவது பொறுப்போடு இருக்க வேண்டும் என்பதற்காக.

அம்மா அங்கேயே உட்கார்ந்தபடி எலும்பு டாக்டருக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். இந்த முறை முழுக் கதையையும் சொன்னாள்: சிக்னலுக்கு சிக்னல் இடுப்பைத் திருப்பி, ஒற்றைக் காலை ஊன்றி, வண்டியையும் வண்டிக்காரரையும் தாங்கிப் பிடித்தது உட்பட.

"நாலு வருஷமாவா?" என்றார் டாக்டர். "அம்மா, உங்களுக்கு முதுகு வலிக்காம இருந்திருந்தாதான் நான் கவலைப்பட்டிருப்பேன்." முதலில் உடற்பயிற்சி, வலி விட்ட பிறகு நேராக உட்கார்ந்து, இரண்டு காலையும் ஊன்றி, பக்கத்து இடங்களுக்கு மட்டும் மெதுவாகப் போய்ப் பார்க்கலாம் என்றார். "பின்னாடி யாரு உக்காருவாங்க?"

"அவருதான்."

"அவரு வண்டியைத் தாங்கிப் பிடிக்கறேன்னு கிளம்ப வேணாம்னு சொல்லுங்க."

பல் டாக்டர் தன் கவசங்களை ஒவ்வொன்றாகப் பையில் போட்டார். "அப்ப விக்கலையா அங்கிள்?" என்று கேட்டார். அந்தக் குரலைக் கேட்டால் பல் பிடுங்கப்பட்டவர் அவர்தான் என்று தோன்றும். அப்பா கீழே இறங்கி வந்து, அவர் தோளை எட்டித் தட்டி, அந்த ஆஸ்பத்திரி மரத்தை ஒருமுறை நின்று பார்த்துவிட்டுப் போகும்படி சொல்லி அனுப்பினார்.

வண்டியை ஏன் விற்கவில்லை என்பதற்கும் அப்பா இப்போது ஆளுக்கொரு காரணம் வைத்திருக்கிறார். வக்கீலிடம், மார்க்கெட் இறங்கியிருப்பதாகச் சொன்னார். சித்தப்பாவிடம், "இந்த வயசுல அனுபவிக்காம எப்படா அனுபவிக்கிறது" என்றார். மாதா மாதம் நம்பிக்கையோடு ஃபோன் செய்கிற பல் டாக்டரிடம், வெளிநாட்டு வேலை கைநழுவிப் போய்விட்டதாகச் சொன்னார். அப்படி ஒரு வேலை இருந்ததே பல் டாக்டருக்குத் தெரியாது.

அம்மாவின் வலி விட்டதும், முதல் பயணம் பேக்கரிக்கு. நான் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தெருமுனையில் லாரி ஒன்று குறுக்கே வர, ஒட்டகம் மெதுவாகியது. தெரு முழுக்கக் கேட்கும்படி அப்பா பின்சீட்டிலிருந்து கத்தினார்.

"கால்!"

"ரெண்டும் வெச்சாச்சு, சும்மா வாங்க!" என்றாள் அம்மா.

லாரி போயிற்று. அவர்களும் போனார்கள். ஆனால் அன்றைக்கும் ரொட்டி வர வெகுநேரம் ஆனது. கடை திறந்துதான் இருந்ததாம். வழியில் கொக்கு பார்த்தார்களாம்.